குடிக்காதவருக்கு ஏன் ஈரலில் கொழுப்பு? குடல் நுண்ணங்கிகளும் இடம்பெயர்ந்த சாப்பாடும்

பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அம்மாவை வயிற்று ஸ்கேன் எடுக்கக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கல் இல்லை. ஆனால் அறிக்கையின் கடைசி வரியில் ஈரலில் கொழுப்பு படிந்திருக்கிறது என்று எழுதியிருந்தது. வைத்தியர் அதை வாசித்துவிட்டு, சீனியைக் குறையுங்கோ, நடவுங்கோ, ஆறு மாதத்தால் திரும்ப வாருங்கோ என்று சொல்லி அனுப்பிவிட்டார். வெளியே நீண்ட வரிசை. அவரையும் குறை சொல்ல முடியாது.

பஸ்ஸில் வரும்போது அம்மா மெதுவாகக் கேட்டார்: "நான் ஒரு நாளும் குடிச்சதில்லையே பிள்ளை. பிறகேன் எனக்கு ஈரல் வருத்தம்? சனம் என்ன நினைக்கும்?"

எங்கள் ஊர்களில் ஈரல் வருத்தம் என்றால் சாராயம், கசிப்பு என்றுதான் அர்த்தம். செத்த வீட்டில் 'ஈரல் பழுதாகித்தான் போனவர்' என்று ஒருவர் சொன்னால் மற்றவர் தலையாட்டுவார், அதற்குமேல் பேச்சு இல்லை. குடிப்பழக்கமே இல்லாத, கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளிய ஒரு பெண்ணுக்கு அந்த வருத்தம் ஏன் வர வேண்டும் என்ற கேள்விக்கு அந்தப் பேச்சில் விடை இல்லை. விடை தேடி வாசிக்கத் தொடங்கியபோது, ஈரலைவிட அதிகமாகக் குடலைப் பற்றித்தான் வாசிக்க வேண்டியிருந்தது. குடலில் வாழும் நுண்ணங்கிகளைப் பற்றி. அப்படி வாசித்ததில் ஒரு பகுதி, போரால் இடம்பெயர்ந்த சனங்களின் வயிற்றைப் பற்றியதாகவே இருந்தது.

வயிற்றுக்குள் இருக்கும் ஊர்

ஒரு வளர்ந்த மனிதரின் உடம்பில் ஏறக்குறைய 30 திரில்லியன் மனிதக் கலங்கள் இருக்கின்றன. அதே உடம்பில் வாழும் பக்டீரியாக்களோ ஏறக்குறைய 38 திரில்லியன், அதாவது 38 இலட்சம் கோடி. 2016 ஆம் ஆண்டு இஸ்ரேலிலும் கனடாவிலும் உள்ள ஆய்வாளர்கள் செய்த கணக்கு இது. எண்ணிக்கையில் இவ்வளவு இருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்தால் 200 கிராம் அளவில்தான் வரும். மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் இருக்கின்றன.

அவை அங்கே சும்மா இருப்பதில்லை. நாங்கள் சாப்பிடும் சோறு, பாண், சீனி, எண்ணெய் எல்லாம் பெரும்பாலும் சிறுகுடலிலேயே சமிபாடடைந்து உறிஞ்சப்பட்டுவிடும. கீரையின் நார், பயறின் தோல், தவிட்டின் மிச்சம், ஆறிய சோற்றில் இறுகிப்போன மாப்பொருள் போன்றவற்றை உடைக்க எங்களிடம் நொதியங்கள் இல்லை. அவை அப்படியே பெருங்குடலுக்கு வந்து சேரும். அங்கே பக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்க வைத்துத் தின்கின்றன. அப்போது அவை வெளிவிடும் பொருட்களில் முக்கியமானது பியூட்டரேட் என்ற சிறிய கொழுப்பமிலம். பெருங்குடலின் உட்சுவரில் இருக்கும் கலங்களுக்கு அதுதான் முதன்மையான எரிபொருள்.

ஆகவே நாங்கள் நார் சாப்பிட்டால் நுண்ணங்கி வாழும். நுண்ணங்கி வாழ்ந்தால் குடற்சுவர் வாழும். நார் வராவிட்டால் சில வகை நுண்ணங்கிகள் பட்டினியில் குறைந்துபோகும், வேறு சில குடற்சுவரைப் பாதுகாக்கும் சளிப்படையையே தின்னத் தொடங்கும்.

எலிகள் சொன்னவை

நுண்ணங்கிகளுக்கும் உடற்பருமனுக்கும் தொடர்பு உண்டு என்ற எண்ணத்தை வலுவாக முன்வைத்தவர் அமெரிக்காவின் சென்ட் லூயிஸ் நகரில் உள்ள வொஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி கோர்டன். அவரது குழு, பிறந்ததிலிருந்து ஒரு நுண்ணங்கிகூடத் தொடாமல் வளர்க்கப்பட்ட சுண்டெலிகளை எடுத்துக்கொண்டது. சாதாரண எலியின் குடல் நுண்ணங்கிகளை அவற்றுக்குக் கொடுத்தபோது 14 நாட்களில் அவற்றின் உடற்கொழுப்பு 60 வீதம் கூடியது. முன்னரைவிடக் குறைவாகச் சாப்பிட்டும் கூடியது. 2004 இல் வெளிவந்த முடிவு அது.

இரண்டு ஆண்டுகளின் பின்னர் அடுத்த படி. பருத்த எலியின் நுண்ணங்கிகளைப் பெற்ற எலிகள், மெலிந்த எலியின் நுண்ணங்கிகளைப் பெற்ற எலிகளைவிட அதிகம் கொழுப்புச் சேர்த்தன. 2013 இல் மனிதரிடமிருந்தே எடுத்தார்கள். ஒருவர் பருமனாகவும் மற்றவர் மெலிவாகவும் இருந்த நான்கு சோடி இரட்டைச் சகோதரிகளின் குடல் நுண்ணங்கிகளை நுண்ணங்கியற்ற எலிகளுக்குக் கொடுத்தார்கள். பருத்த சகோதரியின் நுண்ணங்கியைப் பெற்ற எலி கொழுத்தது, மெலிந்தவரின் நுண்ணங்கியைப் பெற்ற எலி அப்படிக் கொழுக்கவில்லை.

அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதன் பிற்பகுதி. இரு வகை எலிகளையும் ஒரே கூட்டில் விட்டார்கள். எலிகள் ஒன்றின் எச்சத்தை மற்றது தின்னும் என்பதால் நுண்ணங்கிகளும் பரிமாறப்படும். மெலிந்த எலியின் நுண்ணங்கிகள் மற்ற எலிக்குள் குடியேறி அது கொழுப்பதைத் தடுத்தன. ஆனால் கொழுப்புக் குறைந்த, மரக்கறியும் பழமும் கூடிய உணவு கொடுத்தபோது மட்டும்தான் அது நடந்தது. கொழுப்புக் கூடிய, நார் குறைந்த உணவு கொடுத்தபோது அந்த நல்ல நுண்ணங்கிகளால் குடியேற முடியவில்லை. நல்ல நுண்ணங்கியைப் போத்தலில் வாங்கி விழுங்கினாலும், அதற்குச் சாப்பாடு இல்லையென்றால் அது தங்காது என்பதை அந்த எலிக்கூடு முன்கூட்டியே காட்டியது.

குடலிலிருந்து ஈரலுக்கு ஒரு பாதை

சரி, குடலுக்கும் ஈரலுக்கும் என்ன தொடர்பு? நேரான ஒரு குழாய்த் தொடர்பு. குடல் உறிஞ்சுவதைச் சுமந்துகொண்டு வரும் குருதி, மற்ற உறுப்புகளுக்குப் போவதற்கு முன்னர் ஈரல் வாயில் நாளம் வழியாக முதலில் ஈரலுக்குத்தான் போகிறது. ஈரலுக்கு வரும் குருதியில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இப்படி வருவதுதான். ஈரல் ஒரு சோதனைச் சாவடி மாதிரி. குடலிலிருந்து வரும் எல்லாவற்றையும் அது மறித்துப் பார்த்துத்தான் விடுகிறது.

குடற்சுவர் உறுதியாக இருந்தால் நுண்ணங்கிகளும் அவற்றின் உடைந்த துண்டுகளும் குடலுக்குள்ளேயே நிற்கும். சுவர் தளர்ந்தால் சில வகைப் பக்டீரியாக்களின் வெளிச்சுவரில் உள்ள நச்சுப் பொருட்கள் கசிந்து அந்த நாளத்துக்குள் வரும். ஈரலில் இருக்கும் காவற்கலங்கள் அதைக் கிருமி வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு அழற்சியைத் தொடங்கும். கொழுப்புக் கூடிய உணவு கொடுத்த எலிகளின் குருதியில் இந்த நச்சு இரண்டு, மூன்று மடங்கு கூடியதை 2007 இல் பெல்ஜிய, பிரெஞ்சு ஆய்வாளர்கள் காட்டினார்கள். கிருமித் தொற்றில் ஏற்படும் அளவுக்கு அது பெரிதல்ல. ஆனால் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பது. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவதற்கும் ஈரலில் கொழுப்பு சேர்வதற்கும் இது ஒரு வழி.

இன்னொரு வழி சீனி. நாங்கள் தேத்தண்ணியில் போடும் சீனியில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். ஃபிரக்டோஸ் அதிகமாக ஈரலுக்கு வந்தால் ஈரல் அதைக் கொழுப்பாக மாற்றும். சிறுகுடலுக்குச் சமாளிக்க முடியாத அளவு வந்தால் மிச்சத்தைப் பெருங்குடல் நுண்ணங்கிகள் அசற்றேற்றாக மாற்றி ஈரலுக்கு அனுப்புகின்றன என்றும், அதுவும் கொழுப்பாகிறது என்றும் 2020 இல் வெளிவந்த ஓர் எலி ஆய்வு காட்டியது. நுண்ணங்கிகள் எங்கள் நண்பரும் அல்ல, எதிரியும் அல்ல. கொடுத்ததை வைத்து வேலை செய்கின்றன.

அம்மாவின் கேள்விக்கு நேரடியாக வரக்கூடிய ஓர் ஆய்வும் உண்டு. சீனத் தலைநகர் பெய்ஜிங்கில் ஒருவர் குடிக்காமலேயே வெறிப்பார். மாப்பொருள் கூடிய சாப்பாடு சாப்பிட்ட பின்னர் குருதியில் மதுசாரம் ஏறும். அவருக்குக் கடுமையான கொழுப்பு ஈரல் நோயும் இருந்தது. அவரது குடலில், மாப்பொருளை மதுசாரமாக மாற்றும் கிளெப்சியெல்லா நிமோனியே என்ற பக்டீரியாவின் ஒரு வகை பெருகியிருந்தது. பின்னர் 43 கொழுப்பு ஈரல் நோயாளர்களைச் சோதித்தபோது 60 வீதமானவர்களின் குடலில் ஓரளவு அல்லது அதிகம் மதுசாரம் உண்டாக்கும் அந்த வகைகள் இருந்தன. அந்தப் பக்டீரியாவைக் கொடுத்த எலிகளுக்கும் ஈரலில் கொழுப்புப் படிந்தது. 2019 இல் வெளிவந்த இந்த ஆய்வு, எல்லாக் கொழுப்பு ஈரலுக்கும் இதுதான் காரணம் என்று சொல்லவில்லை. குடியைத் தொடாதவரின் ஈரலும் குடித்தவரின் ஈரலைப் போலப் பாதிக்கப்படலாம் என்பதை அது விளங்க வைத்தது. அம்மாவுக்கு இதைச் சொன்னபோது, "அப்ப வயித்துக்குள்ளயே ஆரோ வடிக்கிறாங்கள்" என்று சிரித்தார்.

இடம்பெயர்ந்தால் குடலும் மாறும்

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஹ்மொங், கரென் மக்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். 1975 இன் பின்னர் லாவோசிலிருந்து தப்பி ஓடியவர்கள் ஹ்மொங் மக்கள். பர்மியப் படைகளுக்கும் கரென் போராளிகளுக்கும் இடையிலான நீண்ட போரில் இடம்பெயர்ந்து, தாய்லாந்து அகதி முகாம்களில் ஆண்டுக்கணக்காக இருந்தவர்கள் கரென் மக்கள். புதிய நாட்டில் இவர்களிடையே உடற்பருமன் வேகமாகக் கூடியது. ஏன் என்று அறிய, மினசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்தச் சமூகங்களையும் சேர்த்துக்கொண்டு 500 க்கும் அதிகமான பெண்களின் குடல் நுண்ணங்கிகளைப் பரிசோதித்தார்கள். தாய்லாந்தில் இருப்பவர்கள், அமெரிக்காவுக்கு வந்தவர்கள், அங்கே பிறந்த பிள்ளைகள் எல்லோரும் அதில் அடக்கம். 19 பேரிடம் புறப்படுவதற்கு முன்னரும் வந்த பின்னரும் மாதிரிகள் எடுக்கப்பட்டன.

2018 இல் வந்த முடிவு இது. வந்த சில மாதங்களுக்குள்ளேயே குடல் நுண்ணங்கிகளின் வகைகள் குறையத் தொடங்கின. ஊரில் கிழங்கு, கீரை, காய்களின் கடினமான நாரை உடைத்துக்கொண்டிருந்த பக்டீரியாக்களும் அவற்றின் நொதியங்களும் இல்லாமல் போயின. பருமனானவர்களில் இழப்பு இன்னும் அதிகம். அங்கேயே பிறந்த இரண்டாம் தலைமுறையில் அதைவிடவும் அதிகம். சாப்பாடு மாறியது ஒரு காரணம், ஆனால் அது மட்டும் முழுக் காரணமல்ல என்றும் அவர்கள் எழுதினார்கள்.

இது எங்களைப் பற்றிய ஆய்வு அல்ல. ஆனால் இதை வாசித்தபோது அம்மாவின் சாப்பாட்டு வரலாறு எனக்குத் தானாகவே வரிசையாக வந்தது. சொந்த வயலின் சிவப்பரிசி, குரக்கன் பிட்டு, ஒடியற் கூழ், வளவு முருங்கை, வேலியோரக் கீரை என்று வாழ்ந்த ஒரு வீடு. பிறகு பொருளாதாரத் தடை. பிறகு இடப்பெயர்வுகள். ஒவ்வொன்றிலும் வயலும் வளவும் பின்னால் போயின. கடைசி மாதங்களில் உப்புக்கஞ்சிக்கே வரிசை. பிறகு மெனிக் பாம். அங்கே வந்தது நிவாரணம்: வெள்ளையரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி. உயிரைக் காத்த சாப்பாடு அது. அதைக் குறைத்துப் பேச எனக்கு வாய் வராது. ஆனால் பருப்பை விட்டால் அதில் பெருங்குடலுக்குப் போய்ச் சேர அதிகம் எதுவும் இல்லை. மீள்குடியேறிய பின்னரும் அதே மாதான் மலிவு. வளவில் மரம் இல்லை. பாண், ரொட்டி, பணிஸ், நாளுக்கு ஐந்தாறு சீனித் தேத்தண்ணி. கூலிக்குப் போகும் ஒரு வீட்டில் காலைச் சாப்பாட்டுக்கு இதைவிடக் கெதியாக என்ன செய்வது?

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் உறவுகளுக்கும் கரென் மக்களின் கதை அந்நியமானதல்ல. ஸ்காபரோவிலோ லாச்சப்பலிலோ இருப்பவர்களுக்கு அரிசி மா கிடைக்கும். ஆனால் இரண்டு வேலைக்குப் போகிறவருக்குப் பிட்டு அவிக்க நேரம் கிடைப்பதில்லை.

பசி விட்டுச் செல்லும் தடம்

இன்னொரு பக்கமும் உண்டு. பட்டினி. பட்டினியும் பருமனும் எதிரெதிரானவை என்று நினைக்கிறோம். 1944–45 குளிர்காலத்தில் ஜேர்மன் படைகளின் முற்றுகையால் நெதர்லாந்தின் மேற்குப் பகுதி பட்டினி கிடந்தது. அப்போது தாயின் வயிற்றில் இருந்த பிள்ளைகளைப் பல தசாப்தங்கள் கழித்துச் சோதித்தபோது, அவர்களின் உடல் குளுக்கோசைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. கர்ப்பத்தின் முற்பகுதியில் பட்டினியை எதிர்கொண்டவர்களில் உடற்பருமனும் கூடியிருந்தது. இது நுண்ணங்கிகளால் வந்தது என்று அந்த ஆய்வுகள் சொல்லவில்லை. பசி தீர்ந்தாலும் அதன் தடம் உடம்பில் நிற்கும் என்பதைத்தான் அவை சொல்கின்றன.

நுண்ணங்கிகளிலும் அந்தத் தடம் விழுவதைக் காட்டியது பங்களாதேஷ். டாக்காவின் மிர்பூர் பகுதிக் குழந்தைகளை ஆராய்ந்தபோது, குழந்தை வளர வளர அதன் குடல் நுண்ணங்கிகளும் ஒரு ஒழுங்கில் முதிர்ச்சியடைவது தெரிந்தது. கடுமையான போசாக்கின்மைக்கு ஆளான குழந்தைகளின் குடல் நுண்ணங்கிகள் அந்த வயதுக்குரிய முதிர்ச்சியை எட்டவில்லை. சிகிச்சை உணவு கொடுத்தபோது கொஞ்சம் முன்னேறி, பின்னர் திரும்பவும் பின்தங்கின. 2014 இல் இதைக் கண்ட கோர்டனும் டாக்காவின் தஹ்மீத் அஹ்மதும் பின்னர் வேறு விதமாக யோசித்தார்கள்: பிள்ளைக்கு மட்டுமல்ல, பிள்ளையின் நுண்ணங்கிக்கும் சாப்பாடு கொடுத்தால் என்ன? கடலை, சோயா, நிலக்கடலை, வாழைக்காய் ஆகியவற்றால் ஒரு உணவைச் செய்தார்கள். 2021 இல் வெளிவந்த பரிசோதனையில், வழமையான துணை உணவைவிடக் கலோரி குறைவாக இருந்தும், மூன்று மாதத்தில் அந்த உணவைச் சாப்பிட்ட குழந்தைகளே நன்றாக வளர்ந்தார்கள்.

கடலையும் வாழைக்காயும். இரண்டும் எங்கள் சந்தையில் இருக்கின்றன.

இலங்கையில் எவ்வளவு பேருக்கு?

கொழுப்பு ஈரல் எங்களுக்கு மட்டும் உரிய நோயல்ல. களனிப் பல்கலைக்கழக வைத்தியபீட ஆய்வாளர்கள் றாகம பகுதியில் 35 முதல் 64 வயது வரையான ஏறக்குறைய 3,000 பேரைப் பரிசோதித்தபோது, குடியுடன் தொடர்பில்லாத கொழுப்பு ஈரல் 32.6 வீதமானவர்களில் இருந்தது. மூன்றில் ஒருவர். 2009 இல் வெளியான முடிவு அது. 2023 இல் உலகெங்கும் உள்ள ஈரல் வைத்தியர்கள் சேர்ந்து இந்த நோயின் பெயரையே மாற்றினார்கள். பெயரில் இருந்த மதுசாரம் என்ற சொல்லை எடுத்துவிட்டு, உடலின் அனுசேபக் கோளாறோடு சேர்ந்த கொழுப்பு ஈரல் என்று வைத்தார்கள். நோயாளிக்கு வெட்கத்தை உண்டாக்கக்கூடாது என்பதும் அந்த மாற்றத்துக்கு ஒரு காரணம். 'சனம் என்ன நினைக்கும்' என்று கேட்டது அம்மா மட்டுமல்ல.

பெரும்பாலானவர்களுக்கு இந்த நோய் எந்த அறிகுறியும் காட்டாது. ஒரு பகுதியினரில் கொழுப்போடு அழற்சியும் சேர்ந்து, தழும்பாகி, பல ஆண்டுகளில் சிரோசிஸ் அல்லது ஈரற் புற்றுநோய் வரை போகும். நீரிழிவு உள்ளவர்களில் ஆபத்து அதிகம். தென்னாசியர்களான எங்களுக்கு மெலிந்த உடம்பிலும் இது வரலாம். அதனால் நிறையை மட்டும் பார்க்கக்கூடாது, இடுப்பையும் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்பதைத் தாண்டினால் கவனம் தேவை.

அடுப்படியில் செய்யக்கூடியவை

சமிபாடடையாமல் பெருங்குடலுக்குப் போகும் மாப்பொருளைப் பற்றி மேலே சொன்னேன். சீனாவில் கொழுப்பு ஈரல் உள்ள 200 பேரைக் கொண்டு செய்த ஆய்வு 2023 இல் வந்தது. ஒரு பகுதியினருக்கு நான்கு மாதம் ஒவ்வொரு நாளும் இந்த வகை மாப்பொருள் 40 கிராம் கொடுத்தார்கள். அவர்களின் ஈரற் கொழுப்பு மற்றவர்களைவிடத் தெளிவாகக் குறைந்தது, குடல் நுண்ணங்கிகளும் மாறின. ஆய்வில் கொடுத்தது தூளாகச் செய்த மாப்பொருள். வீட்டில் அதே அளவு சேர்ப்பது இலகுவல்ல, ஆனால் அது இருக்கும் சாப்பாடுகள் எங்களுக்குத் தெரிந்தவைதான்: பயறு, கௌப்பி, கடலை, வாழைக்காய், ஆறிய சோறு.

ஆறிய சோறு என்றதும் பழஞ்சோறு நினைவுக்கு வரும். இரவுச் சோற்றுக்குத் தண்ணி ஊற்றி வைத்து, காலையில் பழங்கறியோடு குழைத்துத் திரளை திரளையாக ஆச்சி கையில் வைப்பார். சோறு ஆறும்போது அதன் மாப்பொருளில் ஒரு பகுதி இறுகி, சமிபாட்டு நொதியங்களுக்கு அகப்படாததாக மாறுகிறது. 2015 இல் இலங்கை இரசாயனவியல் நிறுவகத்தின் கல்லூரி மாணவர் ஒருவரும் அவரது மேற்பார்வையாளரும் அமெரிக்க இரசாயனச் சங்கத்தின் மாநாட்டில் இதைப் பற்றிப் பேசி உலகச் செய்தியானார்கள். கொதிக்கும் தண்ணீரில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டு அரிசியைச் சமைத்து, 12 மணித்தியாலம் குளிரூட்டியில் வைத்தால் அந்த மாப்பொருள் கூடும் என்பது அவர்களின் கண்டுபிடிப்பு. அது ஆய்வுகூட முடிவு, அதனால் நிறை குறையும் என்ற உத்தரவாதம் அல்ல. ஒரு எச்சரிக்கையும் தேவை. சமைத்த சோற்றை எங்கள் வெக்கையில் நாள் முழுக்கத் திறந்து வைத்தால் நஞ்சு உண்டாக்கும் பக்டீரியா பெருகும். கெதியாக ஆறவிட்டுக் குளிரூட்டியில் வைப்பதுதான் பாதுகாப்பு. பழைய சோற்றில் கெட்ட மணமோ வழுவழுப்போ இருந்தால் கொட்டிவிட வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2023 இல் வெளியிட்ட வழிகாட்டலில் வளர்ந்தவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ப்பொருளும் 400 கிராம் மரக்கறி, பழங்களும் சொல்லப்பட்டிருக்கின்றன. கோதுமைப் பிட்டும் சம்பலும் சாப்பிட்டு அந்தக் கணக்கை எட்ட முடியாது. காலையில் அவித்த பயறோ கௌப்பியோ, மத்தியானம் தீட்டாத சிவப்பரிசியும் இரண்டு மரக்கறியும் ஒரு கீரையும், இரவில் குரக்கன் பிட்டு என்றால் எட்டலாம். தயிர், மோர், புளிக்க வைத்த தோசை, அப்பம் போன்றவையும் நல்லது. தயிர் போன்ற புளித்த உணவுகளைப் பத்து வாரம் கூட்டிச் சாப்பிட்டவர்களின் குடல் நுண்ணங்கி வகைகள் கூடியதாக ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஒரு சிறிய ஆய்வு 2021 இல் காட்டியது. ஆனால் தோசையும் அப்பமும் சுடும்போது அவற்றில் உள்ள நுண்ணங்கிகள் செத்துவிடும். உயிரோடு வயிற்றுக்குப் போவது தயிரிலும் மோரிலும்தான்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். பழகாத வயிற்றுக்குத் திடீரென்று கடலையைக் கொடுத்தால் வாயு பிடிக்கும். சில கிழமைகள் எடுத்துக் கூட்டுவது நல்லது. சிறுநீரக நோய் உள்ளவர்களும், இன்சுலின் போடுகிறவர்களும் வைத்தியரிடம் கேட்டுவிட்டுத்தான் மாற்ற வேண்டும்.

நம்பக்கூடாதவை

இந்த விஞ்ஞானத்தின் பெயரில் விற்கப்படும் எல்லாமே விஞ்ஞானம் அல்ல. பருமனானவர்களின் குடலில் இரண்டு பெரிய பக்டீரியாக் கூட்டங்களின் விகிதம் மாறியிருக்கும் என்று முதலில் சொன்னார்கள். பின்னர் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது அது எல்லா இடத்திலும் பொருந்தவில்லை. மெலிந்தவரின் மலத்திலிருந்து எடுத்த நுண்ணங்கிகளை மனிதருக்குக் கொடுத்தபோது சிலரில் இன்சுலின் வேலை செய்வது சில கிழமைகளுக்கு முன்னேறியது, நிறை எலியில் போலக் குறையவில்லை. எலியின் 60 வீதத்தை மனிதரில் எதிர்பார்க்கக்கூடாது. ஆகவே 'ஈரலைச் சுத்தப்படுத்தும்' குளிசைக்கும், விலை கூடிய நுண்ணங்கிப் பானத்துக்கும் காசைக் கொட்டாதீர்கள். பெயர் தெரியாத மூலிகைத் தூள்கள் ஈரலையே பழுதாக்கிய சந்தர்ப்பங்களும் உண்டு. வைத்தியர் எழுதித் தராமல் அன்ரிபயோட்டிக் வாங்கிப் போடுவதும் குடல் நுண்ணங்கிகளை அழிக்கும்.

இன்றுவரை நன்றாக நிரூபிக்கப்பட்ட சிகிச்சை பழையதுதான். உடல் நிறையில் 5 வீதம் குறைந்தால் ஈரற் கொழுப்புக் குறையும், 7 முதல் 10 வீதம் குறைந்தால் அழற்சியும் குறையும். 70 கிலோ நிறை உள்ளவருக்கு 5 வீதம் என்பது மூன்றரைக் கிலோ. ஒவ்வொரு நாளும் வேகமாக நடப்பது, நிறை குறையாவிட்டாலும் ஈரலுக்கு நல்லது. நீரிழிவு உள்ளவர்கள், இடுப்புச் சுற்றளவு கூடியவர்கள் கிளினிக்குக்குப் போகும்போது ஈரற் பரிசோதனையைப் பற்றி வைத்தியரிடம் வாய்திறந்து கேளுங்கள். ஈரல் அழற்சி பி, சி வைரசுகளும் காரணமாகலாம், அதையும் சோதிக்கச் சொல்லலாம். ஏற்கெனவே கொழுப்பு ஈரல் இருப்பவர் குடித்தால் பாதிப்பு வேகமாகும்.

யாருடைய பிழை?

குரக்கன் சாப்பிடுங்கள், கீரை சாப்பிடுங்கள் என்று எழுதுவது இலகு. கீரைக்கு வளவு வேண்டும். சிவப்பரிசிக்கு வயல் வேண்டும். ஒடியலுக்குப் பனை வேண்டும், எங்கள் ஊர்களில் தலையறுந்த பனைகள் இன்னும் நிற்கின்றன. விடுவிக்கப்படாத காணிக்கு வெளியே வாடகைக்கு இருக்கும் குடும்பத்திடம் வீட்டுத்தோட்டம் செய்யச் சொல்வது நியாயமல்ல. தனியே குடும்பத்தைக் கொண்டு நடத்தும் ஒரு பெண், நுண்கடன் கட்டிய மிச்சத்தில் சமைக்கும்போது மாவைத்தான் வாங்குவார். ஆகவே குடல் நுண்ணங்கியைப் பற்றிப் பேசுவது காணியைப் பற்றியும், பாடசாலை மதிய உணவைப் பற்றியும், வெள்ளம் வரும்போது நிவாரணப் பொதியில் என்ன போடுகிறோம் என்பதைப் பற்றியும் பேசுவதுதான். அடுத்த முறை பொதி கட்டும் சங்கங்கள் சீனியைக் குறைத்து, பயறும் கடலையும் கௌப்பியும் போடலாம். அதற்கு எந்த ஆய்வும் காத்திருக்கத் தேவையில்லை.

அம்மாவுக்கு நான் சொன்ன பதில் சுருக்கமானது. "இது குடிச்சு வந்த வருத்தம் இல்லை அம்மா. கிடைச்சதைச் சாப்பிட்டு வந்தது. இனி வேற மாதிரிச் சாப்பிட்டால் குறையும்." அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "குரக்கன் மா இப்ப என்ன விலை?" என்று கேட்டார்.

விலை, கோதுமை மாவைவிடக் கூட. வாங்கினோம். தேத்தண்ணியில் சீனி அரைக் கரண்டிக்கு வந்துவிட்டது. பின்னேரங்களில் பக்கத்து வீட்டு அன்ரியோடு வாய்க்கால் கட்டில் நடக்கிறார். இரண்டாவது ஸ்கேனுக்குத் திகதி எடுத்திருக்கிறோம்.